ஆண் நாயின் விதையில் கோளாறா? அறிகுறியை வைத்துப் பிடிக்கும் வழி

எந்த அறிகுறிக்காக இதைப் படிக்க வந்திருந்தாலும் சரி, முதலில் எழுந்து போய் உங்கள் நாயின் பின்னங்கால்களுக்கு நடுவே கை வைத்து எண்ணிவிட்டு வாருங்கள். இரண்டு இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால், கீழே வரப்போகும் பாதி விஷயத்துக்கு அர்த்தமே மாறிவிடும்.

(புத்தகத்தில் விரை என்று போட்டிருக்கும். கால்நடை ஆஸ்பத்திரி வரிசையில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. விதை என்றே எழுதுகிறேன்.)

தொட்டுப் பார்ப்பதற்குக் குளிப்பாட்டும் நேரம்தான் வசதி. கையில் நுரை இருக்கும், நாயும் எப்படியோ இன்று தப்ப முடியாது என்று நின்றுவிடும். பின்னாலிருந்து கையை விட்டு, பையின் மேல்பக்கத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இதமாக வளைத்துப் பிடித்தால் இரண்டும் கீழே இறங்கி நிற்கும். ஒவ்வொன்றாக விரல்களுக்கிடையே உருட்டுங்கள். தோல் உரித்த அவித்த முட்டையை லேசாக அழுத்தினால் எப்படி இருக்குமோ அந்தப் பதம்: வழவழவென்று, கொஞ்சம் அமுங்கி, விட்டால் எழும்பும். ஓரமாக ஒரு சின்னச் சுருள் தட்டுப்படும். அது விந்து சேரும் குழாய், கட்டி என்று பயந்துவிடாதீர்கள். இடது விதை வலதைவிடச் சற்றுப் பின்தள்ளி இருப்பதும் சகஜம். மாதத்துக்கு ஒரு முறை இப்படிப் பார்த்து வந்தால், ஏதாவது மாறும்போது கை தானே சொல்லிவிடும்.

பையில் ஒன்றுதான் இருக்கிறது

குட்டிக்கு இரண்டு மாதம் ஆகும்போது பெரும்பாலும் இரண்டும் பைக்குள் இறங்கியிருக்கும். சிலதுக்குத் தாமதமாகும். குளிரிலும் பயத்திலும் மேலே இழுத்துக்கொள்வதும் உண்டு என்பதால், நாய் சோம்பலாகப் படுத்திருக்கும்போது இன்னொரு தடவை பாருங்கள். ஆறு மாதம் வரை பொறுக்கலாம். அதற்கு மேலும் இறங்கவில்லை என்றால் இனி இறங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். "ஒரு ஊசி போட்டா இறங்கிடும்" என்று நாய் விற்றவர் சொல்வார். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இறங்காத விதை காணாமல் போய்விடவில்லை. வயிற்றுக்குள்ளோ, தொடை இடுக்கிலோ, தோலுக்கு அடியிலோ உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் வலது பக்கத்து விதைதான் இப்படி நின்றுபோகும். பொமரேனியன், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர் மாதிரிக் குட்டை இனங்களில் இது அதிகம். விதை என்பது உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியான இடத்தில் இருக்க வேண்டிய உறுப்பு. அதனால்தான் அதற்கு வெளியே தனிப் பை. உள்ளேயே வெந்துகொண்டிருக்கும் விதையில் கட்டி வரும் வாய்ப்பு, இறங்கிய விதையைவிடச் சுமார் பத்து மடங்கு.

செய்ய வேண்டியது: ஒரு வயதை ஒட்டி அறுவை சிகிச்சை. உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு வெளியே இருப்பதை விட்டுவிடச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், கிராஸ் விடலாமே என்று. இது பரம்பரையாக இறங்கும் குறை. ஒரு விதை உள்ள நாயும் குட்டி கொடுக்கும், அந்தக் குட்டிகளுக்கும் இதே தலைவலி போகும். இரண்டையும் எடுத்துவிடுவதுதான் சரி.

ரோமம் கொட்டுகிறது, ஆனால் சொறியவில்லை

இதை நான் நீளமாகத்தான் எழுதுவேன், எங்கள் வீட்டில் நடந்தது.

சீனு என்று ஒரு வெள்ளை ஸ்பிட்ஸ். குட்டியாக வாங்கும்போதே ஒன்றுதான் இருந்தது; யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்பது வயதில் இரண்டு விலாவிலும் ரோமம் மெலிய ஆரம்பித்தது. இந்தப் பக்கம் உள்ளங்கை அளவு சொட்டை என்றால் அந்தப் பக்கமும் அதே இடத்தில், அதே அளவில். ஷாம்பு மாற்றினோம். பூஞ்சைக்கு மருந்து கொடுத்தார்கள், நான்கு மாதம் ஓடியது. நடுவில் பால்காம்புகள் தடித்தன. எதிர்வீட்டு ஆண் நாய் சீனுவைச் சுற்றிச் சுற்றி வந்து மேலே ஏறப் பார்த்தது. அப்பா சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று எங்களுக்குத் தெரியாது.

அப்புறம் ஒரு நாள் ஈறு வெளுத்திருந்தது. அடிவயிற்றில் ஊசி குத்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள். உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லி டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள். நம் ஊரில் பிளேட்லெட் குறைந்தால் முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல்தான், அதில் தப்பு சொல்ல முடியாது. பதினைந்து நாளாகியும் ஏறவில்லை. கடைசியில் ரிட்டயரான ஒரு பெரியவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் ரிப்போர்ட்டைக்கூடப் பார்க்கவில்லை, கையைத்தான் முதலில் வைத்தார். "ஏம்மா, இதுக்கு ஒண்ணுதானே இருக்கு, இன்னொண்ணை எங்கே விட்டீங்க?"

ஸ்கேனில் தெரிந்தது. வயிற்றுக்குள் பெரிய எலுமிச்சை அளவில் கட்டி.

நடந்தது இதுதான். விதைக் கட்டிகளில் முக்கியமானவை மூன்று: செர்டோலி செல் கட்டி, செமினோமா, லேடிக் செல் கட்டி. முதல் வகை பல நாய்களில் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். பெண் ஹார்மோன் ஆண் உடம்பில் ஏறினால் ரோமம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உதிரும், காம்பு பெருக்கும், ஆணுறுப்பின் உறை தளர்ந்து தொங்கும், சில நாய்கள் பெட்டை போல உட்கார்ந்து மூத்திரம் போகும், மற்ற ஆண் நாய்கள் மோந்துகொண்டு பின்னாலேயே வரும். இதெல்லாம் வெளியே தெரிவது. உள்ளே, அதே ஈஸ்ட்ரோஜன் எலும்பு மஜ்ஜையை முடக்கிவிடும். சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூன்றும் சரியும். அந்தக் கட்டத்துக்குப் போய்விட்டால் விதையை எடுத்த பிறகும் மஜ்ஜை திரும்ப வேலை செய்யும் என்று யாராலும் உறுதி தர முடியாது. சீனுவுக்குத் திரும்பவில்லை. வேறு நாயின் ரத்தம் ஏற்றித்தான் ஆபரேஷன் செய்தார்கள். பதினோராம் நாள் போய்விட்டான்.

எனவே உங்கள் நாய்க்கு ரோமம் கொட்டினால் இப்படிப் பிரியுங்கள். சொறிகிறதா? சொறிந்தால் முதலில் உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி, பூஞ்சை. சொறியாமல் இரண்டு பக்கமும் ஒத்தாற்போல் கொட்டினால் அது ஹார்மோன் சங்கதி. தைராய்டு குறைவாக இருக்கலாம், குஷிங் நோயாக (அட்ரீனல் ஹார்மோன் கூடிப்போவது) இருக்கலாம், விதையாகவும் இருக்கலாம். விதையா என்று பார்க்க நாயை மல்லாக்கப் படுக்கவைத்து, உறையின் நுனியிலிருந்து பை வரை உள்ள தோலைப் பாருங்கள். நடுவில் கோடு கிழித்தாற்போல் சிவப்பாகவோ கறுப்பாகவோ ஒரு மெல்லிய பட்டை ஓடினால் செர்டோலி கட்டி மேல் பலத்த சந்தேகம் வர வேண்டும். சீனுவுக்கு அது இருந்தது. அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

காம்பு தடிப்பு, வெளிறிய ஈறு, சிவப்புப் புள்ளி, மூக்கில் ரத்தம்: இதில் ஏதாவது ஒன்று ரோமம் கொட்டுவதோடு சேர்ந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. நாய்க்குப் பிளேட்லெட் சாதாரணமாக 2 லட்சத்துக்கு மேல் இருக்கும்.

ஒன்று பெரிது, ஒன்று சிறிது

வலி இல்லை, நாய் வழக்கம்போல் சாப்பிடுகிறது, ஆனால் ஒரு விதை கெட்டியாக, மேடுபள்ளமாக இருக்கிறது. வயது எட்டு ஒன்பதைத் தாண்டிவிட்டது. இது கட்டியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மற்றது சுருங்கிப் போயிருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். பெரியதன் ஹார்மோன் சிறியதை அமுக்கி வைத்திருக்கும். இந்த இடத்தில் பலர் சிறியதுதான் கோளாறு என்று எண்ணி அதைக் காட்டுவார்கள்.

பயப்படுவதற்கு முன் ஒரு நல்ல செய்தி. நாயின் விதைக் கட்டிகளில் பெரும்பாலானவை வேறு இடத்துக்குப் பரவுவதில்லை. லேடிக் கட்டி பரவுவது மிக அபூர்வம், பல நேரம் வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத்தான் தெரியவரும். செமினோமாவும் செர்டோலியும் சிலவற்றில் இடுப்புக்குள் இருக்கும் நிணநீர்க் கணுக்களுக்குப் போகலாம். பரவாதவரை, இரண்டு விதைகளையும் எடுத்தால் கதை முடிந்தது. கீமோ எதுவும் தேவைப்படாது. ஒரே நாயில் இரண்டு மூன்று வகைக் கட்டிகள் ஒன்றாக இருப்பதும் உண்டு, ஒன்றை மட்டும் எடுத்தால் போதாதா என்ற கேள்விக்கு அதுவே பதில்.

"வயசாகிவிட்டது, மயக்க ஊசி தாங்குமா?" என்பது அடுத்த கேள்வி. ரத்தம், சிறுநீரகம், ஈரல், மார்பு எக்ஸ்ரே எல்லாம் சரியாக இருந்தால் பத்து வயது நாயும் தாங்கும். வயதைவிட ரிப்போர்ட்டைத்தான் டாக்டர் பார்ப்பார்.

திடீரென்று வீங்கிவிட்டது, தொட விடவில்லை

கட்டி மெதுவாக வளரும். ராத்திரி நன்றாக இருந்து காலையில் வீங்கியது என்றால் கட்டி கடைசிச் சந்தேகம்தான். சண்டையில் கடிபட்டதா என்று ரோமத்தை விலக்கிப் பாருங்கள், பல் பட்ட ஓட்டை மிகச் சின்னதாக இருக்கும். காய்ச்சலோடு சூடான வீக்கம் என்றால் விதையிலோ அந்தச் சுருளிலோ தொற்று. நாயின் சாதாரண வெப்பம் 100.5 முதல் 102.5 ஃபாரன்ஹீட் என்பதால், நம் கணக்கில் காய்ச்சல் என்று தப்பாக எண்ண வேண்டாம்.

கிராஸ் விடும் நாயானால் புருசெல்லா கேனிஸ் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சில நேரம் விதை வீக்கம், சில நேரம் வெளியே எதுவுமே இல்லாமல் பெட்டைகளுக்குக் கருச்சிதைவு என்று வெளிப்படும் பாக்டீரியா இது. மனிதருக்கும் ஒட்டும். முடிவு வரும்வரை கையுறை போட்டுக் கையாளுங்கள், வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் அவர்களைத் தள்ளி வையுங்கள்.

விதை முறுக்கிக்கொள்வது இன்னொன்று. அதிலும் வயிற்றுக்குள் தங்கிய விதையில் கட்டி வந்து கனத்தால் முறுக்க வாய்ப்பு அதிகம். அப்போது பையில் எதுவும் தெரியாது. வாந்தி, கூனி நிற்பது, வயிற்றைத் தொட்டால் முனகுவது, இவ்வளவுதான். பையில் ஒன்று மட்டும் உள்ள நாய்க்கு இப்படி வந்தால், "சார், இதுக்கு ஒண்ணு இறங்கலை" என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ராத்திரியானாலும் போக வேண்டிய கேஸ் இது.

வலிக்கு வீட்டில் இருக்கும் புரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் பதம் பார்த்துவிடும்.

பை சிவந்திருக்கிறது, நக்கிக்கொண்டே இருக்கிறது

விதை சரியாக இருந்து தோல் மட்டும் சிவந்திருந்தால் வீட்டுத் தரையைச் சந்தேகியுங்கள். பினாயில் போட்டுத் துடைத்த ஈரத்தில் உட்காருவது, வெயிலில் காய்ந்த மொட்டைமாடிச் சிமெண்டில் உட்காருவது, மடிப்பில் உண்ணி. அந்தத் தோல் மிக மெல்லியது. ஸ்பிரிட், கிருமிநாசினித் திரவம் எதையும் ஊற்றக் கூடாது. வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றியெடுத்து, கழுத்துக் கூம்பு மாட்டி, இரண்டு நாள் பாருங்கள். ஆறாமல் ஒரே இடத்தில் பரு போல நின்றால் காட்டிவிடுங்கள், தோலிலேயே வரும் மாஸ்ட் செல் கட்டி அந்த இடத்தையும் விட்டுவைப்பதில்லை.

குறிக்குப் பின்னால் இரண்டு உருண்டை வந்துவிட்டது

ஆறேழு மாதக் குட்டி, உற்சாகத்தில் குதித்தது, குறியின் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் போல உருண்டை. வீடே பதறும். இது நோயே இல்லை. ஆண் நாய்க்கு அந்த இடத்தில் ஒரு வீங்கும் சதை உண்டு. இணைசேரும்போது கோத்துக்கொண்டு நிற்பது அதனால்தான். விதை வேறு, இது வேறு. நாயைத் தனியே விட்டு வேடிக்கை பார்க்காமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் வற்றிவிடும்.

வெளியே வந்தது உள்ளே போகவில்லை

அரை மணி நேரம் தாண்டியும் குறி வெளியே நின்றால் அவசரம். ரத்த ஓட்டம் தடைபட்டு ஊதாவாகி, காய்ந்து, கெட்டுப்போகும். நீண்ட ரோமக்காரர்களுக்கு உறை வாயில் உள்ள முடி சுற்றிக்கொண்டு கயிறு கட்டினாற்போல் இறுக்கியிருக்கும், முதலில் அதைத் தேடுங்கள். குளிர்ந்த தண்ணீரால் கழுவி, சர்க்கரையைக் கெட்டியாகக் கரைத்த தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் சுற்றி வையுங்கள். சர்க்கரை நீரை இழுத்து வீக்கத்தைக் குறைக்கும். பிறகு வழுக்கும் ஜெல் தடவி, உறையின் ஓரம் உள்ளே மடிந்திருந்தால் அதைப் பின்னுக்கு இழுத்துப் பிரித்துவிட்டு முன்னே கொண்டுவாருங்கள். போகவில்லையா, ஈரத்துணி சுற்றியபடியே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பலவந்தம் வேண்டாம்.

நுனியில் சொட்டு

மஞ்சளோ பச்சையோ கலந்து ஒன்றிரண்டு துளி என்றால் பெரும்பாலான ஆண் நாய்களுக்கு உண்டு. அளவு கூடி, நாற்றமடித்தால் மட்டும் சலைன் தண்ணீரால் உறைக்குள் கழுவ டாக்டர் சொல்லித் தருவார்.

ரத்தச் சொட்டு வேறு கதை. மூத்திரம் முழுக்கச் சிவப்பா, அல்லது மூத்திரம் போகாத நேரத்தில் படுத்த இடத்தில் சொட்டா என்று கவனியுங்கள். முதலாவது என்றால் பெரும்பாலும் மூத்திரப் பை, கல், சிறுநீரகம். காலைத் தூக்கித் தூக்கி நின்றும் ஒரு சொட்டும் வராவிட்டால் கல் அடைத்திருக்கும், அதற்கு மறுநாள் வரை காத்திருக்க முடியாது.

படுத்த இடத்தில் சொட்டு என்றால் இரண்டு சந்தேகம்: புராஸ்டேட் சுரப்பி, அல்லது டி.வி.டி. (TVT) என்று டாக்டர்கள் சொல்லும் தொற்றுக் கட்டி. தெருவில் அவிழ்த்துவிடும் நாய் என்றால் இரண்டாவதை முதலில் பாருங்கள். உறையைப் பின்னுக்குத் தள்ளினால் காலிஃபிளவர் பூ மாதிரி, தொட்டால் உதிர்ந்து ரத்தம் கசியும் சதை தெரியும். இது விசித்திரமான கட்டி. வைரஸ் கிடையாது, புற்றுச் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி முளைக்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் செல்கள்தான் இன்றும் உலகமெங்கும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 1876இல் நொவின்ஸ்கி என்ற ரஷ்யக் கால்நடை மருத்துவர் இதை நாயிலிருந்து நாய்க்கு ஒட்டவைத்துக் காட்டினார். நக்குவதாலும் மோப்பம் பிடிப்பதாலும் மூக்கிலும் வரும்; ஆறாத மூக்கு ரத்தத்தோடு வரும் தெரு நாய்க்கு இதையும் பார்ப்பார்கள்.

பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் புற்றிலேயே இவ்வளவு சுலபமாகக் கரையும் புற்று குறைவு. வின்கிறிஸ்டின் ஊசி வாரம் ஒன்று, பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம். மூன்றாவது ஊசியில் கட்டி சுருங்கியதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவதுதான் நம் ஆட்கள் செய்யும் தப்பு. மீதி இருப்பது மறுபடி முளைக்கும். ஒவ்வொரு ஊசிக்கும் முன்பு வெள்ளையணு பார்க்க வேண்டும், ஊசி நரம்புக்கு வெளியே கசிந்தால் தோல் வெந்துவிடும் என்பதால் நாயை அசையாமல் பிடித்துக்கொள்வது உங்கள் வேலை.

முக்குகிறது, மலம் பட்டையாக வருகிறது

காயடிக்காத, ஐந்தாறு வயதைத் தாண்டிய ஆண் நாய் மலம் போக முக்கி, வந்தது ரிப்பன் போலத் தட்டையாக இருந்தால் அது பெரும்பாலும் புராஸ்டேட் வீக்கம். மலக்குடலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் சுரப்பி பெருத்து மேலே அழுத்துகிறது. மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுப்பார்கள், பலன் இருக்காது. விதையை எடுத்தால் சில வாரங்களில் சுரப்பி பாதிக்கு மேல் சுருங்கிவிடும். ஆபரேஷன் முடியாத நாய்க்கு ஃபினாஸ்டரைடு மாத்திரை எழுதுவார்கள்; உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது. காய்ச்சலும் சேர்ந்தால் சீழ் கட்டியிருக்கலாம். ஒன்று நினைவிருக்கட்டும், காயடித்த நாய்க்கு இதே தொல்லை வந்தால் அது சாதாரண வீக்கமாக இருக்காது. புராஸ்டேட் புற்றுநோயைக் காயடிப்பு தடுப்பதில்லை.

மலவாயைச் சுற்றிப் பட்டாணி போலக் கட்டிகள் இருந்தால் அதுவும் பெரும்பாலும் ஆண் ஹார்மோனைக் குடித்து வளர்வதுதான், விதையை எடுத்தால் வற்றும். மலவாய்க்குப் பக்கத்தில் மெத்தென்று ஒரு பக்க வீக்கம் என்றால் குடலிறக்கம். அதற்குள் மூத்திரப் பையே இறங்கி அடைத்துக்கொள்வதும் உண்டு.

ஆபரேஷன் தேதி கொடுத்துவிட்டார்கள்

எடுத்த விதையைக் குப்பையில் போடாமல் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம் கூடும். எந்த வகைக் கட்டி, முழுதாக வந்ததா என்பது அதில்தான் தெரியும். வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள கால்நடைக் கல்லூரிகளில் இதற்குத் துறையே இருக்கிறது. செர்டோலி என்று வந்தால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் ரோமம் முளைக்க வேண்டும். முளைக்கவில்லை, அல்லது முளைத்துவிட்டு மறுபடி கொட்டுகிறது என்றால் எங்கோ பரவியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்க வேண்டும்.

கட்டி இல்லாத இள நாய்க்கு வெறும் காயடிப்பு என்றால் அவசரம் எதுவும் இல்லை. லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் போன்ற பெரிய இனங்களுக்கு ஒரு வயது முடியட்டும், சீக்கிரம் செய்தால் மூட்டுத் தொல்லை கூடுகிறது.

கழுத்துக் கூம்பை பத்து நாள் கழற்றாதீர்கள். வெறும் பை நான்கைந்து நாள் வீங்கி, உள்ளே இன்னும் இருக்கிறதோ என்று தோன்றும். சீனுவுக்குப் பின் வந்த கருப்பனுக்கு அப்படித்தான் இருந்தது, நான் மூன்று தடவை டாக்டருக்குப் போன் போட்டேன். வீக்கம் கல் மாதிரி இறுகினாலோ சூடேறினாலோ மட்டும் ஓடினால் போதும். இன்னொன்று, விதை போன பிறகும் குழாயில் தங்கிய விந்து சில வாரம் இருக்கும். பக்கத்து வீட்டில் பெட்டை இருந்தால் ஒரு மாதத்துக்குக் கேட்டைச் சாத்தியே வையுங்கள். கருப்பன் இருபதாம் நாள் சுவர் ஏறிப் போய்விட்டு வந்தான், அந்த வீட்டுக்காரர்களுக்கு நான்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.